வாய்க்கால்கரை மாடனுக்குக் கண் போன கதை

இந்த 1937-ஆம் வருஷத்து ஆவணியில் தென்காசிக் கடைத்தெருவில் ஒரு செய்தி உலாவியது. குற்றாலத்துக்கும் இலஞ்சிக்கும் நடுவே இருக்கிற வாய்க்கால்கரை மாடன், தன் பொன் கண்களைத் தானே பிடுங்கி, பேராச்சி என்கிற கூலிக்காரி கையில் கொடுத்துவிட்டதாம். ஜவுளிக்கடையில் நான் கேட்டபோது ஒரு கண்தான் போயிருந்தது. மிட்டாய்க்கடைக்கு வருவதற்குள் இரண்டும் போய்விட்டன. ஸ்டேஷன் வாசலில், கண் இருந்த குழியில் ரத்தம் வடிந்ததைப் பார்த்தவரின் மச்சினனைப் பார்த்தவர் ஒருவர் கிடைத்தார். செய்தி ரயிலேறிச் செங்கோட்டைக்குப் போய்த் திரும்பினால் மூன்றாவது கண்ணும் முளைத்துவிடும். அதற்கு முன்பே விசாரித்துவிடலாம் என்று கிளம்பினேன்.

ஜட்கா ஓட்டியவர் முகம்மது இஸ்மாயில். போகிற காரியத்தைச் சொன்னதும் குதிரையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"கண்ணைக் குடுத்ததும் பொய், ரத்தம் வந்ததும் பொய். அன்னைக்கு நான் அங்கனதான் நின்னேன் அண்ணாச்சி. செங்கோட்டை மாப்பிள்ளை வீட்டுக்காரரை ஏத்திக்கிட்டுப் போனதே நம்ம வண்டிதான்."

"அப்படியானால் கண் போகவே இல்லையா?"

"போச்சு. பொறவு வந்துட்டு. நடுவுல அந்தப் பொம்பளைக்கு உசிரு போயிப் போயி வந்துது. அதை எவன் பேசுதான்?"

அந்த நடுவைத்தான் இங்கே எழுதுகிறேன். இஸ்மாயில் சொன்னது, பேராச்சி சொன்னது, தர்மகர்த்தா சிவசைலம் சொன்னது, அவர் சொல்லாமல் இருமிக்கொண்டது எல்லாம் இதில் சேர்த்தி.

பேராச்சிக்கு நாற்பது வயது இருக்கும். நடவு, களையெடுப்பு, சீசனில் அருவிக்கரைக் கடைகளுக்குத் தண்ணீர் சுமப்பது என்று கிடைத்ததைச் செய்வாள். புருஷன் பாம்பு கடித்துப் போய்ச் சேர்ந்தான். ஒரே மகள் ஆவுடைத்தாய். புருஷன் வீட்டு வழியில் வந்த ஒரு வேலை மட்டும், கூலி எதுவும் இல்லாத காரணத்தால், யாரும் பிடுங்கிக்கொள்ளாமல் அவளிடமே தங்கிவிட்டது. மாடனுக்குப் பீடம் பிடிப்பது.

பீடம் என்றதும் கருங்கல்லை நினைக்க வேண்டாம். வாய்க்கால் வண்டலைக் குழைத்து, இடுப்பளவுக்கு, மேலே போகப் போகக் குறுகும்படி எழுப்பி, சுண்ணாம்பு அடித்துக் காவிக் கோடு போட்ட மண் கூம்பு. கண் கிடையாது, மூக்கு கிடையாது, மீசையும் கிடையாது. பங்குனிக் கொடைத் திருவிழாவுக்கு எழுப்புவார்கள். ஆனி, ஆடிச் சாரலில் அது கரைந்து தரையோடு தரையாகப் போய்விடும். மறு பங்குனி வரைக்கும் அங்கே வெற்றிடம்தான். ஊர் அந்த வெற்றிடத்தைக் கும்பிட்டது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒதுங்கிப் போனது. வெளியூர் வண்டிக்காரன் எவனாவது தெரியாமல் அங்கே மாட்டை அவிழ்த்துவிட்டால் போதும், நாலு வீட்டுக்காரர்கள் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடி வருவார்கள். வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் உடம்பில்லாமல் காலம் தள்ளுகிற சாமி அது. உடம்பு இருக்கிற நாளில் ஊர் அதனிடம் வரம் கேட்கும். இல்லாத நாளில் பயப்படும்.

சிவசைலத்துக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. அவர் மலையில் கூப்புக் காண்டிராக்ட் எடுத்து மரம் வெட்டிச் சம்பாதித்தவர். மிகவும் நல்லவர், யாரைக் கேட்டாலும் தெரியாது, அவரைக் கேட்டால் சொல்லுவார்.

"மதுரையில இருந்தும் திருச்சியில இருந்தும் அருவிக்கு வாரவன் நம்ம சாமியைக் கண்டா நிக்கணும்லா? வெறும் மண்ணைப் பார்க்கவா நிப்பான்?" என்று அவர் கேட்டதற்கு ஊர் தலையாட்டியது. பணம் அவருடையது.

வாய்க்காலுக்கு மேலே மேட்டில் ஓட்டுக் கொட்டகை எழும்பியது. கொத்தனார் வந்து செங்கல்லும் சுண்ணாம்பும் வைக்கோலும் சேர்த்துச் சுதைச் சிலை செய்தார். ஆளை விட உயரம். முறுக்கிய மீசை, சிவந்த கன்னம், வெட்டரிவாள், பளபளக்கிற பச்சைக் கச்சை. பொய் சொல்லக் கூடாது, சிலை அழகாகத்தான் இருந்தது. அருவிக்குப் போகிறவர்கள் நின்றார்கள். குழந்தைகள் அலறின. தேங்காய் உடைந்தது. ஒருவர் காமிராவை நிறுத்திப் படம் கூடப் பிடித்தார். சந்தோஷம் தாங்காமல் சிவசைலம் தங்கத் தகட்டில் இரண்டு கண்மலர் செய்து அரக்கு வைத்துச் சிலையின் கண்குழியில் ஒட்டினார்.

அந்தப் பங்குனியில் மண் பீடம் பிடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கொட்டகையைக் கூட்டிப் பெருக்கி விளக்கேற்றப் பேராச்சியையே வைத்தார்கள். அவளும் கூட்டினாள், ஏற்றினாள். அது முடிந்ததும் மேட்டை விட்டு இறங்கி, பழைய வெற்றிடத்தைச் சாணம் போட்டு மெழுகி, அங்கே ஓர் அகல் ஏற்றிவைத்துவிட்டுப் போனாள். "அவளுக்குக் கோட்டி பிடிச்சிருக்கு" என்றார்கள். ஆனால் அந்த வழியாகப் போகும்போது செருப்பைக் கழற்றத் தவறவில்லை.

புதுச் சிலைக்கு இன்னொரு வசதியும் இருந்தது. ஊர் வழக்கில் சத்தியம் செய்ய அது மிகவும் தோதாக அமைந்தது. வரப்புத் தகராறு ஒன்றில் அண்ணன் தம்பி மூவர் அதன் முன்னால் சூடம் அணைத்தார்கள். மூவர் சொன்னதும் வேறு வேறு. மூவரும் இன்றைக்கும் சௌக்கியமாக இருக்கிறார்கள்.

ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை பார்த்தால் சிலைக்குக் கண் இல்லை. இரண்டு குழி மட்டும் இருந்தது. கொட்டகைக்குச் சாவி இரண்டு. ஒன்று சிவசைலத்திடம், மற்றது பேராச்சியிடம். சாவி இருவரிடம்தான் என்றால், திருடியது யார் என்று கண்டுபிடிக்க ஊருக்கு அதிக நேரம் ஆகவில்லை. அதை முதலில் வாய்விட்டுச் சொன்னவர் சிவசைலம்.

"மக கல்யாணத்துக்கு ஆயிருக்கும்லா" என்றது வாய்க்கால் படித்துறை.

அந்தப் பேச்சுத்தான் அவள் கழுத்தைப் பிடித்தது. ஆவுடைத்தாய்க்குச் செங்கோட்டையில் மாப்பிள்ளை பேசி, ஆவணியில் முகூர்த்தம் குறித்திருந்தது. சாமி கண்ணைத் திருடியவள் மகள் என்று ஒரு சொல் அங்கே போய்ச் சேர்ந்தால் இந்த இடம் மட்டுமல்ல, வேறு எந்த இடமும் அந்தப் பெண்ணுக்குக் கிடையாது. சொல் போய்ச் சேர்ந்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் மாப்பிள்ளையின் தாய்மாமன் மாடக்கண்ணு இஸ்மாயிலின் ஜட்காவில் வந்து இறங்கினார். வந்தவர் தண்ணீர் கூடக் குடிக்காமல், மலையாளம் கலந்த செங்கோட்டைப் பேச்சில் சொன்னார்.

"எனக்கு யாரையும் குத்தம் சொல்ல வேண்டாம். பட்சே, ஊர் வாயை அடைக்கணும். சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணட்டும். பண்ணினா வெத்திலை போட்டுட்டுப் போறேன். இல்லேன்னா இப்பிடியே திரும்பிருதேன்."

சூடம் அணைப்பதற்கு அந்த ஊரில் ஒரு முறை உண்டு. மாடனுக்கு ஆடுகிற கோமரத்தாடி வார்த்தையைச் சொல்லிக் கொடுப்பார். பழி சுமந்தவர் அதை அப்படியே திருப்பிச் சொல்லி, எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைக்க வேண்டும். சொல்லி முடிப்பதற்குள் சூடம் தானாக எரிந்து தீர்ந்தால் பழி உறுதி. அவர் அணைத்துவிட்டால், பழி சொன்னவரும் அதே வார்த்தையை அதே இடத்தில் சொல்லி அணைக்க வேண்டும்.

கோமரத்தாடி பலவேசம் கொட்டகைக்குள் சிலைக்கு முன்னால் வெற்றிலையை வைத்துச் சூடத்தை எடுத்தார். வெளியே சாரல். ஊர் பாதிக்கு மேல் ஓட்டுக்குக் கீழே நெருக்கியடித்து நின்றது. பேராச்சி வந்து நின்றாள். கண்ணில்லாத முகத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"இங்கனயா?"

"பின்ன எங்கன? சாமி முன்னாலதான்" என்றார் சிவசைலம்.

"இதுக்கு முன்னால நான் என்ன வேணும்னாலும் சொல்லுவேனே, மொதலாளி. சாந்து குழைக்கையில தண்ணி சுமந்தது நான். வைக்கோல் நறுக்குனது நான். இதுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். கீழ, அந்த எடத்துல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. அங்கன வச்சுச் சொல்லுதேன்."

"கொழுப்பைப் பாருலே!" என்று ஒரு குரல் வந்தது.

மாடக்கண்ணு வானத்தைப் பார்த்தார். "மழை வேற தூத்துது. எங்களுக்கு இங்க அணைச்சாலே மதி, சம்பந்தியம்மா. ரெண்டு சொல்லு. முடிச்சுட்டுப் போவோம்."

இதைவிட இறங்கி வர மாப்பிள்ளை வீட்டாரால் முடியாது. ஆவுடைத்தாய் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள். "யம்மா, அவுகளே போதும்ங்காக. அணைச்சிரும்மா."

"இங்கன சொன்னா யாரு ஏட்டி கேக்கதுக்கு இருக்கா?"

சொல்லிவிட்டுப் பேராச்சி மழையில் இறங்கி நடந்தாள். ஒருவர் பின் ஒருவராக ஊரும் இறங்கியது. கீழே போனதும் செருப்புகள் தாமாகக் கழன்றன. வெற்றிடத்தைச் சுற்றி வளையமாக நின்றார்கள். சிவசைலம் மட்டும் கொட்டகைப் படியில் நின்றுகொண்டார். "நான் இங்கனயே நின்னு பார்க்கேன்" என்றார். அப்போது அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

பலவேசம் வெற்றிலையைத் தரையில் வைத்துச் சூடத்தைப் பற்றவைத்தார். சாரல் அதை அணைத்துவிட்டது. மறுபடி பற்றவைத்தார். பேராச்சி வாயைத் திறப்பதற்குள் மறுபடி போய்விட்டது. வளையத்தில் சலசலப்பு எழுந்தது.

"பார்த்தியளா! சாமியே ஒத்துக்கிடலே!" என்று மேலேயிருந்து சத்தம் வந்தது.

இஸ்மாயில் வண்டியிலிருந்து குடையை எடுத்துக்கொண்டு வந்து, சூடத்துக்கு மேலே விரித்துப் பிடித்தார்.

"ஏலே, மாடனுக்குச் சாயபு குடை பிடிக்காருடே!" என்றான் வளையத்தில் ஒருவன்.

"பார்க்கதுக்கு ஒண்ணும் இல்லாத எடம் எங்களுக்குப் பழக்கம்தான்லே. நீ ஓரமா நில்லு. கோமரம், பத்தவைங்க."

சூடம் பிடித்துக்கொண்டது. பலவேசம் வார்த்தையைச் சொன்னார். சிவசைலம் யோசித்து யோசித்து எழுதிக்கொடுத்த வார்த்தை அது. அதில் கண்ணைப் பற்றிப் பேச்சே இல்லை. அவள் எந்தப் பக்கமும் நழுவக் கூடாது என்று வலையை அகலமாக விரித்திருந்தார்.

"மாடன் சொத்துல."

"மாடன் சொத்துல" என்றாள் பேராச்சி.

"எள்ளளவும் நான் தொட்டதில்ல."

அவள் கையைச் சுடருக்கு மேலே கொண்டுபோனாள்.

அவளுக்குக் காது கேட்கவில்லையோ என்று பலவேசம் உரக்கச் சொன்னார். "எள்ளளவும்!"

உள்ளங்கை சுடருக்கு மேலே நின்றது. உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. சூடம் பாதியாகிவிட்டது. குடையின் ஓரத்திலிருந்து வடிகிற தண்ணீர் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. ஆவுடைத்தாய் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"சொல்லு தாயி, தீந்துரும்" என்றார் பலவேசம்.

"எள்ளளவும்னு என்னால சொல்ல முடியாது."

"அப்பிடிப் போடு!" என்று மேலேயிருந்து கைதட்டல் கேட்டது. வளையம் உடைந்தது. "கள்ளி, கள்ளி" என்று முதலில் மெதுவாகவும் பிறகு மெதுவாக இல்லாமலும் சொன்னார்கள். மாடக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஜட்காவைப் பார்க்க நடந்தார். சூடம் புளியங்கொட்டை அளவுக்கு வந்துவிட்டது. அது தீர்ந்தால் எல்லாம் தீர்ந்தது.

அப்போதுதான் பேராச்சி பேசினாள். யாரையும் பார்த்துப் பேசவில்லை. கீழே, மெழுகிய தரையைப் பார்த்துப் பேசினாள்.

"ஆடி அமாவாசை அன்னைக்கு வீட்டுல எண்ணெய் இல்ல. இந்த எடம் இருட்டாக் கெடந்துது. மேல கொட்டகைக் குடத்துல இருந்து ஒரு கரண்டி இலுப்பெண்ணெய் எடுத்தாந்து இங்கன ஏத்துனேன். யாருகிட்டயும் கேக்கல. அது ஒண்ணுதான் நான் தொட்டது. கண்ணைத் தொடல. தொட்டிருந்தா இந்தச் சூடம் மாதிரி என் குடி அணையட்டும்."

கை இறங்கியது. அடிக்கவில்லை. வைத்து அழுத்தினாள். தோல் கருகுகிற வாடை வந்ததாக இஸ்மாயில் சொல்லுகிறார். கையை எடுத்தபோது வெற்றிலையில் கறுப்பு வட்டம் மட்டும் இருந்தது.

ஒரு கரண்டி எண்ணெயை யாரும் பார்க்கவில்லை, யாரும் தேடவில்லை, குடத்தில் குறைந்ததும் தெரியாது. பலவேசம் நன்றாக யோசித்தார். பிறகு இன்னொரு வெற்றிலையை வைத்தார். இன்னொரு சூடத்தை எடுத்தார்.

"இனி மொதலாளி வரணும்."

எல்லோரும் மேலே பார்த்தார்கள்.

"நானா? நான் இங்கன அணைக்கேன்" என்றார் சிவசைலம், படியில் நின்றபடியே. "ஓட்டுக்குக் கீழதானே நல்லா எரியும்? சாமி முன்னால அணைக்கேன்."

"அதே வார்த்தை, அதே எடம். முறை அது" என்றார் பலவேசம்.

"எனக்குச் சளி கட்டிருக்கு ஓய். இந்த மழையில..."

"குடை இருக்கு மொதலாளி" என்றார் இஸ்மாயில். "ரெண்டு பேருக்குத் தாங்கும்."

சிவசைலம் ஒரு படி இறங்கினார். நின்றார். வளையத்துக்கு நடுவே கிடந்த அந்த வெறும் தரையைப் பார்த்தார். பின்பு ஒரு படி ஏறினார். பலவேசம் சூடத்தைப் பற்றவைத்துவிட்டுக் காத்திருந்தார். அது தன் பாட்டில் எரிந்தது. "எள்ளளவும்" என்ற சொல்லை எழுதிக்கொடுத்தவர் அது எரிந்து தீருகிற வரைக்கும் படியிலேயே நின்றார். தீர்ந்த பிறகு இருமினார்.

மாடக்கண்ணு ஜட்காவின் படியில் ஒரு காலை வைத்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். காலை எடுத்தார். திரும்பி வந்து, தரையில் உட்கார்ந்திருந்த ஆவுடைத்தாயைக் கடந்து போய்ப் பேராச்சி எதிரில் நின்றார்.

"சம்பந்தியம்மா, வெத்திலை இருக்கா? வந்ததுல இருந்து வாய் காயுது."

சிவசைலம் கண்ணை எடுத்தார் என்று நான் எழுதவில்லை. எழுதினால் வக்கீல் நோட்டீஸ் வரும். அதுவும் போக, எனக்குத் தெரியாது. எள்ளளவு என்பது பெரிய அளவு. மலையில் மரம் வெட்டிப் பிழைத்தவருக்கு அந்த ஒரு சொல்லுக்குள் வேறு எத்தனையோ அகப்பட்டிருக்கலாம். சாரலில் அரக்கு இளகிக் கண்மலர் விழுந்துவிட்டது என்றும், ஐந்தாறு நாள் கழித்துக் கொட்டகைக்குப் பின்னால் கழித்துப் போட்ட பழைய மாலை ஒன்றுக்குள் கிடைத்தது என்றும் அவர் என்னிடம் சொன்னார். சாரல் காலம், நம்பலாம். அந்தப் பழைய மாலையில் செவ்வந்தி ஒன்று கூட வாடவில்லை என்று இஸ்மாயில் சொல்லுகிறார். குதிரை வண்டிக்காரருக்குப் பூவைப் பற்றி என்ன தெரியும்?

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். சாமி கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று அத்தனை செலவு செய்த மனுஷர், கண்ணுக்குத் தெரியாததற்கு முன்னால் வந்து நிற்கத் துணியவில்லை. அவரும் பேராச்சியும் அந்த விஷயத்தில் ஒரே கட்சி. அவள் பயந்துகொண்டே கிட்டப் போகிறாள், அவர் பயந்துகொண்டே தள்ளி நிற்கிறார். சிலையை நம்பியவர்கள் என்று பார்த்தால் மதுரைக்காரர்களும் திருச்சிக்காரர்களும்தான் மிச்சம்.

குறித்த முகூர்த்தத்தில் கல்யாணம் நடந்தது. நான் போனபோது பேராச்சி வீட்டு வாசலில் பந்தல் ஓலை காய்ந்து கிடந்தது. வலது உள்ளங்கையில் புண் ஆறித் தோல் இளஞ்சிவப்பாக இருந்தது. விறகு ஒடித்துக்கொண்டே பேசினாள்.

"எண்ணெய் எடுத்ததை யாரும் பார்க்கவில்லையே. அன்றைக்கு மகள் வாழ்வு அல்லவா தொங்கியது? எள்ளளவும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே" என்று கேட்டேன்.

"யாரும் பார்க்கலைன்னு நீங்க சொல்லுதிய" என்றாள். விறகை ஒடித்தாள்.

பிறகு எழுந்து, கூரை இறவாணத்தில் கயிறு கட்டித் தொங்கிய ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் காட்டினாள். அதில் ஒரு கரண்டி இலுப்பெண்ணெய். கல்யாணம் முடிந்த மறுநாளே வாங்கிக்கொண்டு சிவசைலம் வீட்டுக்குப் போயிருக்கிறாள். அவர் வாங்கவில்லை. "கெடக்கட்டும், அது என்ன பெரிசு" என்று உள்ளே போய்விட்டார். காரணத்தைப் பலவேசம்தான் எனக்கு விளக்கினார். அந்த எண்ணெயை வாங்கினால் பேராச்சி சொன்னது மெய் என்று ஒப்புக்கொண்டதாகும். அப்புறம் மிச்சம் இருப்பது அவர் சூடம் அணைக்கிற முறை.

"கொட்டகைக் குடத்தில் நீயே ஊற்றிவிட வேண்டியதுதானே?"

"சாவியை வாங்கிட்டாகள்லா."

"கீழே, அந்த இடத்தில் அகலில் ஊற்றேன்."

"அது எப்பிடி? எடுத்த எண்ணெய் அங்கனதான எரிஞ்சுது? கடன்பட்டது ஒருத்தருகிட்ட, குடுக்கது இன்னொருத்தருக்கா? அந்த எடத்துக்கு நான் தனியாத்தான் வாங்கி ஊத்துதேன்." அவள் என் முகத்தைப் பார்த்தாள். "நாலும் எழுதுதவுக நீங்க. இது யாருக்குப் போய்ச் சேரணும்? கொட்டகைக்கா, மொதலாளிக்கா, மாடனுக்கா?"

நடையைக் கட்டலாம் என்று எழுந்தேன். பேராச்சி சிரட்டையை அவிழ்த்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"சவத்து எலி! வந்து நக்கிட்டுப் போயிருக்கு பாருங்க. அளவு கொறையுது. இன்னும் ரெண்டு சொட்டு விட்டு வைக்கணும்."

சொல்லிக்கொண்டே மறுபடி கயிற்றில் மாட்டினாள்.